யூதர் வீட்டுத் துக்கத்துக்குப் போன அனுபவம் யாருக்காவது இருக்கா?

குழித்துறைப் பையன்:

நான் இஸ்ரேல்ல வயசானவங்கள பாத்துக்குற வேலைல இருக்கேன், டெல் அவீவ் பக்கத்துல பெத்தா திக்வா. நாலு வருசம் ஒரே தாத்தா கூட. ஹீப்ரூல தாத்தாவுக்கு சபான்னு சொல்லுவாங்க, நானும் அப்படியேதான் கூப்பிடுவேன். ஒரு செவ்வாக்கிழம விடியக்காலம் 4 மணிக்கு அவரு போயிட்டாரு. மக்கா, அன்னிக்கு மத்தியானம் 3 மணிக்கு அடக்கம் முடிஞ்சாச்சு. நம்ம ஊர்ல துபாய்ல இருந்து மகன் வரணும், ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுக்கணும்னு ரெண்டு நாள் ஓடிரும்லா, இங்க சீக்கிரம் மண்ணுக்குள்ள வைக்குறதுதான் செத்தவருக்குக் குடுக்குற மரியாதை. எருசலேம்ல ராத்திரி 11 மணிக்குக் கூட அடக்கம் நடக்குமாம், பிரேதத்த ராத்தங்க வைக்க மாட்டாங்க.

சபாவோட மக வந்து கண்ண மூடி விட்டு மேல வெள்ளத் துணி போட்டு தலமாட்டுல ஒரு மெழுகுவத்தி ஏத்துனாங்க. நான் வழக்கம் போல உடம்பு தொடைச்சு விடலாம்னு பேசின்ல தண்ணி எடுத்துட்டு வந்தேன், வேண்டாம்னுட்டாங்க. அதுக்குன்னு ஹெவ்ரா கதீஷான்னு ஒரு கூட்டம் இருக்கு, ஆம்பளைக்கு ஆம்பள, பொம்பளைக்கு பொம்பள, குளிப்பாட்டி வெள்ளத் துணி உடுத்தி விடுறது அவங்க பொறுப்பு. அந்த உடுப்புல பாக்கெட்டே கிடையாது, பணக்காரனுக்கும் அதே துணிதான். பல ஊர்ல இத சம்பளம் இல்லாமதான் செய்யுறாங்க, ஏன்னா செத்தவன் திருப்பி நன்றி சொல்ல மாட்டான், அதனால இதுதான் கலப்படமில்லாத உதவின்னு ஒரு கணக்கு. அடக்கச் செலவும் இங்க நாட்டோட காப்பீட்டுலயே போயிரும், வீட்டுக்காரங்க கடன் வாங்க வேண்டியதில்ல. 10 மணிக்கெல்லாம் லிஃப்ட் பக்கத்துல கருப்பு பார்டர் போட்ட நோட்டீஸ் ஒட்டியாச்சு. நம்ம ஊர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரிதான், போட்டோ கிடையாது, கீழ நன்கொடையாளர் பேரும் கிடையாது :)

கல்லற பேரு யார்கோன். இடம் பத்தாம அடுக்குமாடி மாதிரி கட்டி அதுல எல்லாம் அடக்கம் பண்றாங்க, மொத மொத பாத்தப்ப கார் பார்க்கிங்னு நெனச்சேன். அடக்கத்துக்கு முன்னாடி மகனோட சட்டைய இடது பக்கம், நெஞ்சுக்கு நேரா பிளேடால ஒரு கீறு கீறுனாங்க, அதுக்கு மேல அவரே கையால கிழிச்சாரு, அந்த ஹால்ல அந்த சத்தம் இருக்கே, அழுகைய விட அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்பா அம்மாவுக்குன்னா இடது பக்கம், மத்தவங்களுக்கு வலது. அப்பா அம்மாவுக்குக் கிழிச்சத பெறவு ஒழுங்கா தைக்கவும் கூடாதாம்.

பெட்டி கிடையாது. பெரும்பாலும் ராணுவத்துல செத்தாதான் இங்க பெட்டி. ஸ்ட்ரெச்சர்ல துணியோட, மேல அவரு ஜெபத்துக்குப் போத்துற சால்வ. துணிக்கு மேலயே முட்டி ரெண்டும் துருத்திக்கிட்டு தெரிஞ்சுது, டெய்லி ராத்திரி ரெண்டு முட்டிக்கும் நடுவுல தலகாணி வைக்குறவன் நானு, புண்ணு வராம இருக்கணும்னு. தலகாணி இல்லையேன்னு ஒரு நிமிசம் கை பரபரன்னு வந்துச்சு.

இப்ப நான் பண்ணுன தப்ப சொல்றேன். மகன் மூணு மம்பட்டி மண்ணு தள்ளிட்டாரு, அடுத்தது நான் தள்ளலாம்னு கைய நீட்டுனேன். அவரு என் கைல தராம மம்பட்டிய மண்ணுல குத்தி வச்சுட்டு தள்ளி நின்னுட்டாரு. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. நாலு வருசம் மலம் மூத்திரம் அள்ளுனவன், வேலக்காரன்னு காட்டிட்டாங்களேன்னு உள்ளுக்குள்ள கொதிப்பு. அப்பத்தான் பெரிய மக வந்து மெதுவா சொன்னாங்க, கைக்குக் கை மாத்தக் கூடாது, துக்கம் ஒருத்தர்ட்ட இருந்து இன்னொருத்தருக்குப் போயிரும்னு, யாரா இருந்தாலும் கீழ இருந்துதான் எடுக்கணும், எடுத்து போடுன்னு. மம்பட்டிய திருப்பிப் பிடிச்சு முதுகு பக்கமா மொத மண்ணு அள்ளணும், ஆசையா செய்யுற வேலை இல்லன்னு காட்டுறதுக்கு. போட்டேன்.

கடைசில ஹெவ்ரா கதீஷா ஆளு சபா பேர சொல்லி, உங்களுக்கு மரியாதைக் குறைவா நாங்க ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சிருங்கன்னு குழிய பாத்து கேட்டாரு. மாத்திர துப்புனதுக்கு நான் ரெண்டு மூணு தடவ கத்திருக்கேன். நானும் தமிழ்ல கேட்டுக்கிட்டேன்.

ஊர்சுற்றி:

தம்பி, படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நான் போனது துக்க வீட்டுக்கு இல்ல, கல்லறைக்கு. குடும்பத்தோட பிராக் போயிருந்தப்ப பழைய யூதக் கல்லறைக்கு டிக்கெட் எடுத்து போனோம். அங்க இருக்குற பழைய கல்லு 1439ஆம் வருசத்தது, 1787 வரைக்கும் அடக்கம் பண்ணிருக்காங்க. யூதருக்குன்னு குடுத்த இடம் அவ்ளோதான், வெளிய வாங்க விடல, பழைய குழிய தோண்டி எடுக்க அவங்க மதத்துல கூடாது. அப்ப என்ன பண்ணுவாங்க, மேல மண்ணு கொட்டி அதுக்கு மேல அடுத்த அடுக்கு, சில இடத்துல 12 அடுக்கு வரைக்கும் இருக்காம். கீழ இருந்தவங்க கல்லையும் மேல தூக்கி நட்டதால கல்லுங்க எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு, காலைல 8 மணி டவுன் பஸ் மாதிரி இருக்கு, கிட்டத்தட்ட 12,000 கல்லு.

அங்க 1609ல செத்த ரப்பி லோவ்னு ஒரு யூத மதகுருவோட கல்லற ரொம்ப ஃபேமஸ், மேல கூழாங்கல்லா வச்சிருப்பாங்க, இடுக்குல மடிச்ச சீட்டெல்லாம் சொருகி இருக்கும். என் பொண்ணுக்கு அப்ப ஏழு வயசு, பக்கத்துல ஒரு கல்லறைல இருந்த கல்லு அழகா இருக்குன்னு ஒண்ண எடுத்து ஜாக்கெட்டுல போட்டுக்கிட்டா. நானும் கவனிக்கல. பின்னாடி வந்த ஒரு வயசான அம்மா அவ பாக்கெட்ட காட்டி, திரும்ப வையின்னு சைகை பண்ணாங்க, கோவமெல்லாம் இல்ல. பூ வாடிரும், கல்லு வாடாது, நான் வந்துட்டு போனேன்னு சொல்ற அடையாளம்னு அப்புறம் கைடுதான் சொன்னாரு. பிரச்சன என்னன்னா எந்தக் கல்லறைல இருந்து எடுத்தான்னு அவளுக்கு ஞாபகம் இல்ல. குத்துமதிப்பா ஒண்ணுல வச்சுட்டு வந்தோம், யாரோ ஒருத்தருக்கு எக்ஸ்ட்ரா ஒரு விசிட்டர்.

எடிசன் அக்கா:

நான் நியூ ஜெர்சி. என் பழைய மேனேஜரோட அம்மா தவறுனப்ப ஷிவாவுக்குப் போனேன். ஷிவான்னா ஹீப்ரூல ஏழு, நம்ம சிவன் இல்ல (என் மாமியார் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தாங்க). ஏழு நாள் துக்கம், வீட்ட விட்டு வெளிய போகாம குட்டை ஸ்டூல்ல உக்காந்திருப்பாங்க, கண்ணாடியெல்லாம் துணி போட்டு மூடியிருக்கும், தோல் செருப்பு போட மாட்டாங்க. நான் 60 டாலருக்கு பெரிய பொக்கே வாங்கிட்டு போனேன், அந்த ஹால்ல பூவே இல்ல, எல்லாரும் சாப்பாடு கொண்டு வந்திருக்காங்க, என் பொக்கே கிச்சன் சிங்க் ஓரமா தனியா நிக்குது. துக்க வீட்டுல அடுப்பு எரியக் கூடாது, அக்கம்பக்கம்தான் போடணும்னு நமக்குத் தெரியாததா, இருந்தும் அமெரிக்கான்னா பொக்கேன்னு மண்டைல ஏறிப்போச்சு.

அதவிட காமெடி என் வீட்டுக்காரர். சாயங்காலம் கத்திஷ் ஜெபம் சொல்லணும், அதுக்கு 10 பேர் இருக்கணும், அந்த வீட்டு வழக்கப்படி ஆம்பளைங்க. எண்ணிப் பாத்தா 9. எல்லாரும் வாசலையே பாக்குறாங்க. இவரு என்னமோ ஷட்டில் ஆட ஆள் குறையுற மாதிரி 'நான் இருக்கேனே'ன்னு கைய தூக்கிட்டாரு!! ஒரு செகண்ட் அமைதி, அப்புறம் மேனேஜர் அழுத முகத்தோடயே சிரிச்சுட்டாரு, யூதரா இருக்கணும்ப்பான்னு தோள தட்டினாரு. யாரோ போன் போட்டாங்க, 10 நிமிசத்துல ஒரு பையன் கார் சாவிய கைல சுத்திக்கிட்டே வந்தான், நின்னான், ஜெபத்துல ஆமேன் ஆமேன்னு சொன்னான், போயிட்டான். செத்தது யாருன்னே அவனுக்குத் தெரியாதுன்னு நெனக்கிறேன். அந்தப் பையன மட்டும் இன்னும் மறக்க முடியல.

கத்திஷ்ல சாவுன்னு ஒரு வார்த்த கூட கிடையாதாம், முழுக்க கடவுள புகழ்றதுதான், அதுவும் பாதிக்கு மேல அரமேய மொழி. அத 11 மாசம் தினமும் போய் சொன்னாரு மனுசன், ஆபீஸ் மீட்டிங்க எல்லாம் தள்ளி வச்சாரு. ஏன் 12 இல்லன்னு கேட்டேன். ரொம்ப கெட்டவங்களுக்குத்தான் மேல 12 மாசம் தண்டனை, எங்கம்மாவுக்கு நான் 12 மாசம் சொன்னா அவங்க கெட்டவங்கன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதான்னாரு. இது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

பழைய மெட்ராஸ்:

இவ்ளோ தூரம் போக வேணாம், சென்னையிலயே ஒரு யூதக் கல்லறை இருக்கு. லாயிட்ஸ் ரோடு பக்கம், குட்டி இடம், விரல் விட்டு எண்ணிரலாம் அத்தன கல்லு, ஹீப்ரூ எழுத்தோட. பவளக்காரத் தெரு பேரே பவளம், வைரம் வித்த யூத வியாபாரிங்களாலதான், அவங்க கல்லறை முதல்ல ஜார்ஜ் டவுன் பக்கம் இருந்து அப்புறம் இங்க மாத்துனது. ஊர்சுற்றி சொன்ன மாதிரி தோண்டவே கூடாதுன்னு இருக்குறவங்களோட கல்லு இடம் மாறி நிக்குது, அவங்க சமூகம் இங்க இருந்திருந்தா கேக்க ஆள் இருந்திருக்கும். நான் போனப்ப ஒரு கல்லு மேலயும் கூழாங்கல் இல்ல. அப்ப எனக்கு இந்த வழக்கமும் தெரியாது, தெரிஞ்சிருந்தா ஒண்ணு வச்சிருப்பேன்.

குழித்துறைப் பையன்:

அக்கா, 9 பேரு மேட்டர் சூப்பர். நான் ஷிவா பத்தி சொல்லாம விட்டுட்டேன். கல்லறைல இருந்து வந்ததும் பக்கத்து வீட்டு அம்மா அவிச்ச முட்டையும், வளையம் மாதிரி இருக்குற பேகல் ரொட்டியும், மைசூர் பருப்பும் கொண்டு வந்தாங்க, துக்கக்காரங்க மொத சாப்பாடு சொந்த சாப்பாடா இருக்கக் கூடாதாம். எல்லாம் உருண்டையா இருக்கணும். அந்தப் பருப்புல வாய் மாதிரி பிளவு கிடையாது, துக்கத்துல இருக்குறவனுக்கும் வாய் கிடையாதுன்னு விளக்கம். எனக்கும் ஒரு தட்டு வந்துச்சு, நான் சமையக்கட்டுல நின்னு சாப்பிடப் போனேன், இழுத்து கொண்டு போய் அவங்க பக்கத்துலயே உக்கார வச்சிட்டாங்க.

ஏழு நாளும் கதவு பூட்டவே இல்ல, யாரும் பெல் அடிக்கல, வணக்கம் சொல்லல. ஒரு நாள் ஒரு பெரியவரு வந்தாரு, மகனுக்கு எதிர்ல உக்காந்தாரு. துக்கக்காரன் வாய் திறக்குற வரைக்கும் வந்தவன் பேசக் கூடாதுன்னு சட்டம். மகன் அன்னிக்கு பேசல. அவரும் பேசல. சுவர் கடியாரத்துல அரை மணி நேரம். அப்புறம் எந்திரிச்சு, சீயோனுக்கும் எருசலேமுக்கும் துக்கிக்குற எல்லார் நடுவுலயும் கடவுள் உங்கள ஆறுதல்படுத்தட்டும்னு அந்த ஒத்த வரிய சொல்லிட்டு போயிட்டாரு. எங்க அப்பா செத்தப்ப எப்படி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, ஏன் முன்னாடியே காட்டலன்னு 200 பேருக்கு நான் பதில் சொன்னேன், அதுதான் அப்ப ஞாபகம் வந்துச்சு.

30 நாள்ல கல்லு நட்டாங்க. இப்ப நான் வேற வீட்டுல, ஈராக்ல இருந்து வந்த ஒரு பாட்டிய பாத்துக்குறேன். போன வாரம் சபாவோட பெரிய மக வாட்ஸ்அப்ல அவரோட நினைவு நாள் தேதி அனுப்பியிருந்தாங்க, அத ஹீப்ரூ காலண்டர்ல பாக்குறதால நாள் மாறி மாறி வரும், நம்ம திதி மாதிரி. சூப்பர்மார்க்கெட்டுல 24 மணி நேரம் எரியுற மெழுகுவத்தி தகர டப்பால கிடைக்கும், வாங்கி சமையக்கட்டுல ஏத்தி வச்சேன். பாட்டி வாக்கர தள்ளிக்கிட்டு வந்து யாருக்குன்னு கேட்டாங்க. சொன்னேன். அவருக்கு சாப்பாட்டுல என்ன பிடிக்கும்னாங்க. ஊறுகா போட்ட ஹெர்ரிங் மீனுன்னேன். மூஞ்சிய ஒரு சுளி சுளிச்சாங்க, போலந்துக்காரனான்னு கேட்டாங்க. ஆமான்னேன்.