ஈட்டி கிடந்தால் ஆணின் குழி, மணிமாலை கிடந்தால் பெண்ணின் குழியா?

மாலினி, வெள்ளவத்தை:
உயர்தர வகுப்புக்கு வரலாறு கற்பிக்கிறேன். வரலாற்றுக்கு முந்தைய புதைகுழிகளைப் பற்றிய பாடத்தில், ஆயுதம் இருந்தால் ஆண் என்றும் ஆபரணம் இருந்தால் பெண் என்றும் எழுதும் வழக்கத்தை மாணவி ஒருத்தி கேள்விக்குள்ளாக்கினாள். ஆண், பெண் வேலைப் பிரிவினையைப் பற்றிப் புதைகுழிகள் உண்மையில் எவ்வளவு சொல்லும்?

சிவநேசன், தெஹிவளை:
உங்கள் மாணவியின் ஐயம் மிகவும் நியாயமானது. பெரு நாட்டின் மலைப்பகுதியில் உள்ள விலமாயா பட்ஹ்சாவில், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒருவரின் தொடையருகே, கல் எறிமுனைகளும் விலங்கை அறுத்துத் தோலைப் பதப்படுத்தும் கருவிகளும் ஒரே பையில் இருந்தவை போல நெருக்கமாகக் கிடந்தன. பல் எனாமலில் உள்ள புரதத்தை ஆராய்ந்தபோது அவர் இளம் பெண் என்று தெரியவந்தது. அம்முடிவு 2020இல் வெளியாகியது. ஸ்பெயினின் வலென்சினாவில், யானைத் தந்தத்துடன் பெரும் மதிப்போடு புதைக்கப்பட்டு முதலில் ஆண் எனக் கருதப்பட்டவரும் பெண்தான் என்று இதே முறை 2023இல் காட்டியது.

ரஹீமா, மருதானை:
ஆயினும் குழியில் உள்ள பொருட்கள் இறந்தவரின் தொழிலைச் சொல்கின்றனவா, அடக்கம் செய்தவர்களின் எண்ணத்தைச் சொல்கின்றனவா என்பதைப் பிரித்தறிவது கடினம். ஆகவே உழைப்பைப் பற்றி அறிய எலும்பையே நான் அதிகம் நம்புவேன். சிரியாவின் அபு ஹுரைராவில் கிடைத்த எலும்புக்கூடுகளில், பெரும்பாலும் பெண்களுடையவற்றில், கால் பெருவிரல் மூட்டு தேய்ந்தும் முழங்காலும் கீழ்முதுகும் சிதைந்தும் காணப்பட்டன. விரல்களை மடக்கி மண்டியிட்டு, அரைகல்லின்மேல் முன்னும் பின்னும் சாய்ந்து நாள்தோறும் தானியம் அரைத்ததன் தடம் அது என்று ஆய்வாளர் தியா மொல்லிசன் விளக்கினார். அந்தப் பெண்களின் குழிகளில் எதை வைத்திருந்தாலும், அவர்களுடைய கால்விரல் சொல்லும் சாட்சியை அது மாற்றாது. குழந்தைகளின் இடுப்பெலும்பிலோ ஆண், பெண் வேறுபாடு தெளிவாகத் தெரியாது. மணிகளைக் கண்டு சிறுமி என்று எழுதுவது அதனால் இன்னும் ஆபத்தானது.

குணரத்தினம், கொட்டாஞ்சேனை:
நம் நாட்டுச் சான்றுகளையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள். புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பின் ஈமத்தாழிகளில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் சேர்ந்து கிடைத்துள்ளதால், உள்ளே இருக்கும் பொருள் யாருடையது என்று துணிந்து சொல்ல இயலாது. புறநானூற்றின் 256ஆம் பாடலில், கணவனை இழந்த பெண் குயவனிடம், தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். அத்தகைய தாழியில் ஓர் இரும்புக் கத்தி கிடைத்தால் அதை யார் கணக்கில் எழுதுவது? யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் எலும்புக்கூட்டுடன் கிடைத்த எழுத்துப் பொறித்த முத்திரையும் இறந்தவரின் தகுதியைப் பற்றியே பேசும். அவர் ஆணா பெண்ணா என்பதை உடல்தான் சொல்ல வேண்டும்.

மாலினி, வெள்ளவத்தை:
மூவருக்கும் நன்றி. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் மண்ணில் மரபணு விரைவில் சிதைந்துவிடும் என்பதால், எனாமல் புரத முறை இங்கு பயன்படுமா என்பதும் எனக்கு முக்கியம்.

சிவநேசன், தெஹிவளை:
எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பகுதி; மரபணு அழிந்த பல்லிலும் அதன் புரதம் எஞ்சியிருக்கக்கூடும். ஆனால் தம்புள்ளைக்கு அருகே இபன்கட்டுவவில் போல, உடலை எரித்துச் சாம்பலை அடக்கம் செய்த இடங்களில் எனாமலும் வெடித்துச் சிதறியிருக்கும். பொம்பரிப்புப் போன்ற இடங்களின் பற்களிலிருந்தே தொடங்க வேண்டும்.