ரேடியோ மாடல் விமானம்: ட்ரெய்னருக்கு (பழகும் விமானம்) அடுத்து நேரே வார்பேர்ட் (போர் விமான மாடல்) வாங்கலாமா?

புது இறக்கை:
ஹை விங் (இறக்கை உடலுக்கு மேலே இருக்கும்) ட்ரெய்னரை ஜைரோ (தானே நிலைப்படுத்தும் கருவி) இல்லாமலே ஏற்றி இறக்க வருகிறது. அடுத்து 1200 மிமீ இறக்கை அகலமுள்ள ஸ்பிட்ஃபயர் வார்பேர்ட் மேல் ஒரு கண். அதற்கும் 3எஸ் 2200 (மூன்று செல், 2200 mAh) பேட்டரிதான், கையில் இருக்கிறது. நேரே அதற்குப் போகலாமா?

பால்சா தூசி:
வேண்டாம், நடுவில் ஒன்று ஓட்டுங்கள். ட்ரெய்னரின் இறக்கை முனைகள் மேல்நோக்கித் தூக்கியிருப்பதால் ஸ்டிக்கை விட்டதும் தானே நிமிரும். லோ விங் (இறக்கை உடலுக்கு அடியில் இருக்கும்) ஸ்போர்ட் மாடல் அப்படியில்லை. எந்தச் சாய்வில் விட்டீர்களோ அதிலேயே நிற்கும், எதிர்ப்பக்கம் ஏய்லரான் (சாய்வை மாற்றும் இறக்கைத் தகடு) கொடுத்து நீங்கள்தான் நிமிர்த்த வேண்டும். இந்தப் பழக்கம் கைக்கு வராமல் ஸ்பிட்ஃபயர் எடுத்தால் பணம் வீண். அதற்குச் சக்கர இடைவெளி வேறு குறுகல், தரையிலேயே கவிழும்.

முதல் லோ விங்குக்கு, முனை அதிகம் குறுகாத நேர் இறக்கை, அகலமான லேண்டிங் கியர் (சக்கரக் கால்கள்), கிலோவுக்கு சுமார் 250 வாட் பவர் போதும்.

வாங்கும் முன் ட்ரெய்னரிலேயே இவை வருகிறதா பாருங்கள்: உயரம் மாறாமல் எட்டு போடுவது, இடம் வலம் இரண்டு பக்கமிருந்தும் இறக்குவது, த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) முழுசாகக் குறைத்து ஓடுபாதைக்கு வந்து சேர்வது. நல்ல உயரத்தில் வேண்டுமென்றே ஸ்டால் (இறக்கை தூக்குவிசை இழப்பது) செய்து மீட்பதும் வர வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

சர்வோ சத்தம்:
மேலே சொன்னதோடு செட்டப்பையும் கவனியுங்கள். முதல் பறப்புக்கு லோ ரேட் (தகடுகள் குறைவாக அசையும் அமைப்பு), ஏய்லரானுக்கும் எலிவேட்டருக்கும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) 25-30% எக்ஸ்போ (ஸ்டிக் நடுவில் எவ்வளவு மென்மை என்ற அமைப்பு). ஃபுடாபா ரேடியோவில் ஸ்டிக் நடுவை மென்மையாக்க மைனஸ், ஸ்பெக்ட்ரமில் பிளஸ். மாற்றிப் போட்டால் நடுவில்தான் துள்ளும். ரேடியோ திரையில் வளைகோட்டைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

புது இறக்கை:
லோ விங் கடைசித் திருப்பத்தில் ஒரு பக்கமாக விழும் என்கிறார்களே, ஏன்?

பால்சா தூசி:
டிப் ஸ்டால், அதாவது ஒரு பக்க இறக்கை முனை முதலில் ஸ்டால் ஆவது. மெதுவாக வரும்போது சாய்த்து எலிவேட்டரை இழுப்பதுதான் காரணம். உயரம் இழக்காமல் 60 டிகிரி சாய்வில் திரும்பினால் இறக்கை சுமப்பது இரண்டு மடங்கு எடை, ஸ்டால் வேகமும் சுமார் 1.4 மடங்கு ஆகிவிடும். இறக்கை விழுந்ததும் எதிர் ஏய்லரான் கொடுக்கத்தான் கை போகும். கொடுத்தால் இன்னும் மோசம்: விழும் பக்கத்து ஏய்லரான் கீழிறங்கி அந்த முனையை மேலும் ஸ்டாலுக்குள் தள்ளும். எலிவேட்டரைத் தளர்த்தி, த்ராட்டில் ஏற்றி, எதிர் ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகடு) கொடுங்கள். திருப்பத்தை அகலமாக எடுத்து, ஓடுபாதைக்கு நேரான பிறகு வேகத்தைக் குறைத்தால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது.

புது இறக்கை:
சரி, ஸ்போர்ட் மாடலே வாங்குகிறேன். லோ விங்குக்கு சிஜி (எடை சமநிலைப் புள்ளி) எப்படிப் பார்ப்பது? ட்ரெய்னரை இறக்கைக்கு அடியில் விரல் வைத்துத் தூக்கிவிடுவேன்.

சர்வோ சத்தம்:
லோ விங்கைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். நேராகத் தூக்கினால் எடையெல்லாம் விரலுக்கு மேலே இருக்கும், ஒரு பக்கமும் நிற்காது. பேட்டரியைப் பொருத்திய பிறகே பார்க்க வேண்டும். லேண்டிங் கியர் மடங்கும் மாடல் என்றால் மேனுவலில் எந்த நிலையில் பார்க்கச் சொல்லியிருக்கிறது என்று படியுங்கள். முதல் பறப்புக்கு, மேனுவல் சொல்லும் புள்ளியிலிருந்து 3-5 மிமீ முன்னால் வைத்தால் போதும். அதற்கும் முன்னால் போனால் இறங்கும்போது மூக்கைத் தூக்க எலிவேட்டர் பத்தாது. இடம் சரியானதும் பேட்டரி தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், வெல்க்ரோ ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒட்டாது.