லேண்டிங் கியர் லக்: 7075-டி6 போதுமா, டி73 வேண்டுமா?

உப்புக்காற்று:
கடலோரத்தில் பறக்கும் சிறு விமானத்துக்கு 7075-டி6 ஃபோர்ஜிங் லக். அதாவது, லேண்டிங் கியரைப் பிணைக்கும் துளையுள்ள காதுப்பகுதி, 7075 அலுமினியக் கலவையை அச்சில் அழுத்திச் செய்தது. டி6 என்பது உச்ச பலம் வரும்வரை வெப்பத்தில் முதிரவைத்த நிலை, டி73 அதையும் தாண்டி முதிரவைத்த நிலை. அனோடைசிங் (ஆக்சைடுப் படலம்), பிரைமர், பெயின்ட் மூன்றும் சரியாக இருந்தால் உப்பில் விரிசல் விடாது, டி6 போதும் என்கிறேன். டி73-க்குப் போனால் பலம் 10-15 சதவீதம் குறையும். லக்கைத் தடிமனாக்கணும், எடை ஏறும்.

குறுக்குவாட்டு:
தரையிறங்கும்போது வரும் சுமையை மட்டும் பார்க்கிறீர்கள். விமானம் கொட்டகையில் சும்மா நிற்கும்போதும், துளைக்குள் இறுக்கிப் போட்ட ஸ்டீல் புஷ் (உருளை வளையம்) அந்த லக்கைப் பிதுக்கிக்கொண்டே இருக்கிறது. துளை 20 மி.மீ., புஷ்ஷின் சுவர் 2 மி.மீ., லக்கின் வெளிவிட்டம் 40 மி.மீ., இறுக்கம் (துளையைவிட புஷ் விட்டத்தில் பெரிதாக இருக்கும் அளவு) 0.05 மி.மீ. என்று வையுங்கள். துளை விளிம்பில் சுற்றுவாக்கில் சுமார் 85 மெகாபாஸ்கல் இழுவிசை வரும். கிரெய்னின் (உலோக நுண்மணியின்) தடிமன் திசையில் டி6 உப்புச் சூழலில் விரிசல் விடாமல் தாங்குவது 50-ஐ ஒட்டித்தான்! டி73 என்றால் 290 அளவுக்குத் தாங்கும்.

உப்புக்காற்று:
புஷ்ஷைத் திரவ நைட்ரஜனில் சுருக்கி, ஈர சீலன்ட் பூசிப் போட்டால்?

குறுக்குவாட்டு:
சுருக்கிப் போட்டால் துளையில் கீறல் விழாது, அவ்வளவே. புஷ் அறை வெப்பத்துக்கு வந்ததும் அதே இறுக்கம் திரும்பிவிடும். சீலன்ட் கொஞ்ச காலம் காக்கும். ஒவ்வொரு தரையிறக்கத்திலும் லக் அசைய அசைய, புஷ்ஷின் காலர் (விளிம்பு) ஓரத்தில் பெயின்ட் மயிரிழையாகப் பிளக்கும். அதுவே உப்புக்கு வழி. கிரெய்ன்களின் எல்லையில் உள்ள துத்தநாக-மெக்னீசியத் துகள்கள் கரைய, ஹைட்ரஜன் உள்ளே போக, விரிசல் எல்லையோடே ஓடும். குழி அரிப்புபோல வெள்ளைப்பொடி தள்ளும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் பார்ட்டிங் லைனை (ஃபோர்ஜிங் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோட்டை) ஒட்டி ஒரு கறுப்பு இழை தெரியும், அவ்வளவுதான்.

தகடுவேலை:
இதைப் படித்துவிட்டு யாரும் மெல்லிய தகட்டையும் மாற்றிவிட வேண்டாம். 1.6 மி.மீ. தகட்டில் தடிமன் திசையில் இழுவிசை வர வழியில்லை. அங்கே டி6 நல்லதே.

உப்புக்காற்று:
ஏற்கிறேன். இருக்கிற டி6 லக்கை ஓவனில் வைத்து டி73 ஆக்கிவிடலாமே?

குறுக்குவாட்டு:
கடைசல் முடிந்த பாகத்தில் வேண்டாம். அளவு மாறும், அனோடைசிங் படலம் வெடிக்கும். புது ஃபோர்ஜிங்கைக் கடைசலுக்கு முன்பே 107 டிகிரி செல்சியஸில் 6-8 மணி நேரம், பிறகு 177-இல் 8-10 மணி நேரம் முதிரவையுங்கள். கடினத்தன்மையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். குறைவாக முதிர்ந்ததும் அதே எண்ணைக் காட்டும். மின்கடத்துத்திறன் 38 சதவீதம் ஐஏசிஎஸ்-க்குக் (செம்போடு ஒப்பிடும் அளவு) குறைந்தால் திருப்பி அனுப்புங்கள். பழைய லக்குகளில் புஷ்ஷைக் கழற்றி, துளைக்குள் எடி கரன்ட் (சுழல் மின்னோட்டச் சோதனை) பாருங்கள். பெயின்ட்டுக்கு மேல் டை பெனிட்ரன்ட் (விரிசலில் ஊறும் சாயச் சோதனை) எதையும் காட்டாது.

உப்புக்காற்று:
அப்படியானால் லக்குக்கு மட்டும் டி73. தடிமனை மறுபடி கணக்குப் போடுகிறேன், இறுக்கத்தையும் 0.03-க்கு இறக்கிப் பார்க்கிறேன்.