எஸ்ஐபி அழைப்பில் அண்ணாவின் குரல் கேட்கவில்லை, அவசரம்

சல்லிக்கரை, இரவு 7.10
கைபேசியில் எஸ்ஐபி செயலி, அதாவது இணையம் வழியாகத் தொலைபேசி அழைப்பு எடுக்கும் செயலி, வைத்திருக்கிறேன். மணி அடிக்கிறது, எடுக்கிறேன், அண்ணா பேசுவது கேட்கவில்லை. நான் பேசுவது அவருக்குக் கேட்கிறதாம். பிறகு தானாக அறுந்துவிடுகிறது. அமைப்புகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. நாளை அம்மாவின் பிறந்தநாள், கனடாவிலிருந்து எல்லோரும் எடுப்பார்கள். யாராவது உடனே சொல்லுங்கள்.

நிலாவெளி நண்டு, 7.14
எந்தச் செயலி? வைஃபையா, டேட்டாவா? "எல்லாம் சரி" என்றால் எது எது சரி?

மழைமானி, 7.16
மார்கழி மழைதான். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். எங்கள் வீட்டில் வருடா வருடம் இதே கதை. கம்பத்தடிப் பெட்டியைத் திறந்து துடைக்கச் சொல்லுங்கள்.

கோடெக் பித்தன், 7.21
வேகம் போதாது. குரலை எண்ணாக்கும் முறை (கோடெக்) ஜி.711 என்றால் குரலுக்கு மட்டும் விநாடிக்கு 64 கிலோபிட் வேண்டும், பொதி என்னும் தரவுத் துண்டுகளின் தலைப்புகளோடு 80 ஆகிவிடும். குறைந்த வேகத்திலும் ஓடும் ஓபஸ் கோடெக்குக்கு மாற்றுங்கள்.

சல்லிக்கரை, 7.25
வைஃபை. கம்பி இல்லை, ஃபைபர். வாட்ஸ்அப் வீடியோ தெளிவாக வருகிறது.

கிண்ணியாக் காற்று, 7.26
அப்படியானால் வாட்ஸ்அப்பிலேயே பேசிவிடுங்களேன்.

சல்லிக்கரை, 7.28
அண்ணா ரொறன்ரோ இலக்கம் ஒன்று வாங்கி இந்தச் செயலியில் போட்டுத் தந்தார். அங்கே இருக்கும் இரண்டு பெரியம்மாமாரும் வீட்டுத் தொலைபேசியில் அந்த இலக்கத்தைச் சுழற்றினால் இங்கே அம்மாவின் கையில் மணி அடிக்கும். அவர்களிடம் ஸ்மார்ட்போன் இல்லை.

பழைய தந்தி, 7.40
இருபது வருடமாக இதே கேள்விக்குப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. எஸ்ஐபி குரலைச் சுமப்பதில்லை என்பதே பலருக்குத் தெரியாது. மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது, அவ்வளவுதான் அதன் வேலை. குரல் ஆர்டிபி என்ற வேறு நெறிமுறையில், வேறு பாதையில் போகிறது. 20 மில்லிவிநாடிக்கு ஒரு பொதி, விநாடிக்கு 50. ஆகவே மணி அடிப்பதால் குரலும் வரும் என்று எதிர்பார்ப்பது அறியாமை. எஸ்ஐபியின் விதிகளைச் சொல்லும், 2002இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணத்தை ஒரு முறையாவது படித்துவிட்டு வாருங்கள்.

நிலாவெளி நண்டு, 7.44
ஐயா, நாளைக்குப் பிறந்தநாள். அந்த ஆவணம் 250 பக்கத்துக்கு மேல்.

உவர்மலை வாசி, 7.52
தங்கச்சி, இரண்டு காரியம் செய்யுங்கள். அழைப்பு எத்தனையாவது விநாடியில் அறுகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் எடுத்துப் பாருங்கள்.

சல்லிக்கரை, 8.09
32 விநாடி. மூன்று முறையும் 32! டேட்டாவில் நன்றாகக் கேட்கிறது. போன கிழமை ரௌட்டர் மாற்றினார்கள், அதற்கு முன்பும் நன்றாகத்தான் இருந்தது.

நிலாவெளி நண்டு, 8.10
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாமே, அக்கா.

உவர்மலை வாசி, 8.26
அந்த 32தான் துப்பு. நீங்கள் எடுத்ததும் உங்கள் கைபேசி "எடுத்துவிட்டேன்" என்று சேவையகத்துக்குச் சொல்லும். "அறிந்தேன்" என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கும், 32 விநாடியில் சலித்து வைத்துவிடும். பதில் ஏன் வரவில்லை? முகவரி பிழை.

உங்கள் கைபேசிக்கு வீட்டுக்குள் 192.168.1.7 போல ஒரு முகவரி இருக்கும். அது "வைரவர் கோயிலுக்குப் பின்னால், மாமரத்து வீடு" என்பது போன்றது. ஊருக்குள் செல்லும், ரொறன்ரோத் தபால்காரருக்கு விளங்காது. பொதியின் உறையில் இருக்கும் முகவரியை ரௌட்டர் மாற்றி அனுப்புகிறது, அதுதான் நாட். ஆனால் எஸ்ஐபி கடிதத்தின் உள்ளேயும் முகவரியை எழுதிவைக்கிறது. நல்ல சேவையகம் உறையைப் பார்த்தே சமாளித்துவிடும். டேட்டாவில் குரல் கேட்பது அதனால்தான். சில ரௌட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒன்று இருக்கிறது. உதவுகிறேன் என்று கடிதத்தைப் பிரித்துத் திருத்தும், பல நேரம் பிழையாகத் திருத்தும். அண்ணாவின் குரல் அந்தப் பிழையான முகவரிக்குத்தான் போகிறது. ரௌட்டர் பக்கத்தில் அதைத் தேடி அணையுங்கள்.

கோடெக் பித்தன், 8.31
ஓபஸையும் ஒரு முறை முயன்று பார்க்கலாம்.

கிண்ணியாக் காற்று, 8.33
ரௌட்டரில் எஸ்ஐபியின் 5060ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டால் போதாதா?

பழைய தந்தி, 8.37
திறந்துவிடுங்கள், விடிய விடியத் திருட்டு அழைப்புகள் மணி அடிக்கும். உலகமெங்கும் 5060ஐத் துழாவும் நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மேலும் அது போர்ட் அல்ல, தமிழில் "துறை".

கிண்ணியாக் காற்று, 8.41
துறை என்றால் திணைக்களம் என்றும் பொருள். "வாயில்" என்பதே தெளிவு.

பழைய தந்தி, 8.48
திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவருக்குத் துறை விளங்கவில்லையா? கப்பல் எந்தத் துறையில் கட்ட வேண்டும் என்பதுபோல, பொதி எந்தச் செயலியிடம் இறங்க வேண்டும் என்று சொல்வது அந்த இலக்கம். வாயில் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

கிண்ணியாக் காற்று, 8.52
கேட்வேக்கு என்ன சொல்வீர்கள்?

பழைய தந்தி, 8.53
நுழைவாயில்.

கிண்ணியாக் காற்று, 8.53
ஆக, வாயில்!

மழைமானி, 8.59
ஃபைபர் என்றாலும் கம்பத்தடிப் பெட்டியில் ஈரம் ஏறும். இன்னும் யாரும் பார்க்கவில்லை.

சல்லிக்கரை, 9.20
ஏஎல்ஜி என்ற சொல்லே ரௌட்டர் பக்கத்தில் இல்லை. பாதிப் பட்டிகள் சாம்பல் நிறத்தில், தொட முடியவில்லை.

உவர்மலை வாசி, 9.27
நிறுவனம் பூட்டி வைத்திருக்கிறது. வேறு வழி இருக்கிறது. செயலியின் கணக்கு அமைப்பில் டிரான்ஸ்போர்ட் என்ற இடத்தில் பூட்டில்லாமல் அனுப்பும் யூடிபி என்று இருக்கும். அதை டிஎல்எஸ் ஆக்குங்கள், 5060ஐ 5061 ஆக்குங்கள். டிஎல்எஸ் கடிதத்தைப் பூட்டிய பெட்டியில் அனுப்பும், ரௌட்டரால் உள்ளே கைவைக்க முடியாது. உங்கள் எஸ்ஐபி சேவை டிஎல்எஸ்ஸை ஏற்க வேண்டும், அதை மட்டும் அண்ணாவிடம் கேளுங்கள்.

மறுநாள்

சல்லிக்கரை, காலை 10.05
5061. பெரியம்மா 47 நிமிடம் பேசினார். நன்றி, உவர்மலை அண்ணா.

மழைமானி, 10.18
நேற்று இரவு ஒரு மணிக்கு மழை விட்டது. நான் சொன்னேனா இல்லையா?