தமிழ்த் திரைக்கதையின் பக்கக் கணக்கு: உதவி தேவை

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் ஆறு வாரக் கோடைக்காலத் திரைக்கதை வகுப்பில் படிக்கிறேன். பத்து நிமிடக் குறும்படத்துக்கான திரைக்கதையை ஜூன் 12-க்குள் பத்துப் பக்கங்களில் ஒப்படைக்க வேண்டும். கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் எழுதினால் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது ஆங்கிலத்துக்கான கணக்கு. கூரியரில் தமிழ் எழுத்துகளே இல்லாததால், வேறு எழுத்துருவில் என் பிரதி பதினான்கு பக்கங்களாக நீண்டுவிட்டது.

விண்டோஸ் 10 மடிக்கணினியில் லதா, நிர்மலா யூஐ என்ற தமிழ் எழுத்துருக்கள் இரண்டிலும் மாற்றிப் பார்த்தேன். பக்க எண்ணிக்கை மாறியதே தவிர நேரக் கணக்கு பிடிபடவில்லை. 10 புள்ளியாகக் குறைத்தால் கண்ணுக்கு எட்டவில்லை. அம்மாவுடன் உரக்கப் படித்துக் கைப்பேசியில் நேரம் பார்த்ததில் வசனங்கள் மட்டும் ஏழு நிமிடம் வந்தன. ஆனால் தகடு வைத்துப் பீடி இலையை வெட்டி, தூள் நிரப்பிச் சுருட்டி, நூல் கட்டும் வசனமில்லாக் காட்சி தாளில் நான்கே வரிகள். அம்மா செய்துகாட்டியபோது ஒரு பீடிக்கே அரை நிமிடம் ஆனது. கதையின் உயிரே அதுதான் என்பதால் அதை வெட்ட மாட்டேன். ஆசிரியரைக் கேட்டபோது ஆங்கில மாதிரியையே பின்பற்றச் சொன்னார்.

தமிழில் திரைக்கதை எழுதிப் பழகியவர்களே, ஒரு பக்கம் ஒரு நிமிடத்துக்கு நெருங்கி வர எந்த எழுத்துருவை, எந்த அளவிலும் வரி இடைவெளியிலும் பயன்படுத்துகிறீர்கள்?