கண்டிப்பும் பரிவும்: ஒரு மண்டோரின் கேள்வி

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் இருபது பேருக்கு மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, பொறுப்பேற்று இரண்டு மாதங்கள் ஆகின்றன. காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) தாமதமாக வருபவரிடம் பரிவு காட்டினால் வேலை கெட்டுவிடும் என்கிறார்கள். பரிவோடு தலைமை தாங்க இயலாதா?

முதல் பதில்:
இயலும், தம்பி. தொடர்ந்து தாமதித்த ஓர் அக்காவை நான் பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். மாலையில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குச் சென்றபோது, படுக்கையில் கிடந்த மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அவர் வெளியே வந்தார். மறுநாளே அவருக்கு லயத்தின் அருகிலிருந்த மர நிரையை ஒதுக்கி, அரை மணி நேரம் தள்ளித் தொடங்கச் சொன்னேன். அதன்பின் அவருடைய நிரையில் உதிரிப் பழம் ஒன்றுகூடப் பொறுக்கப்படாமல் கிடந்ததில்லை. விசாரிக்காமல் கடிந்தது இன்றும் என்னை உறுத்துகிறது.

இரண்டாம் பதில்:
மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த நம் ஊர்க்காரர் துன் வீ.தி.சம்பந்தனை எண்ணிப் பாருங்கள். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழந்துகொண்டிருந்த காலத்தில், அவர்களுடைய அச்சத்தை உணர்ந்ததோடு நின்றுவிடாமல், மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) சேமித்துத் தோட்டத்தையே வாங்குவதற்கு வழியாக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்.

மூன்றாம் பதில்:
ஒருவருக்குச் சலுகை கொடுத்தால், அவருடைய ஒப்புதலோடு காரணத்தை மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். இல்லையேல் பாரபட்சம் என்ற பேச்சு எழும்.