பிரேக் பேடு: ‘தேய்கட்டை’ என்று சொல்லலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

வண்டிப் பாகங்களுக்கு நாம் போடும் தமிழ்ச் சொல் பட்டியலுக்காக, பிரேக் பேடுக்கு என்ன சொல்லலாம் என்ற இழை பத்து நாளாக ஓடுகிறது. நான் வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து பொலேரோ பிக்கப்புக்கு வீட்டு வாசலிலேயே முன்சக்கரப் பேடுகளை மாற்றினேன். பொருளைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு, இதுவரை வந்த சொற்கள் எதுவும் அதில் ஒட்டவில்லை. அதனால் எழுதுகிறேன்.

> ‘தடுப்புத் திண்டு’ போதுமே. பேட் என்றால் திண்டுதானே?

திண்டு என்றால் சாய்ந்துகொள்வது. இதுவோ உள்ளங்கை அகல இரும்புத் தகடு, அதன்மேல் கல் மாதிரி இறுகிய ஒரு கலவை. புதிதில் கலவையின் கனம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் எதை நினைத்து வைத்தாரோ, அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

> அப்படியானால் ‘உராய்வுத் தட்டு’?

இதில் வேறு சிக்கல். பேடு கவ்விப் பிடிப்பதே சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டைத்தான். டிஸ்க்குக்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம். கிளட்ச்சுக்குள்ளும் உராய்கிற தட்டு ஒன்று இருக்கிறது, அது வேறு குழப்பம்.

சைக்கிள் கடையில் இதற்கு என்ன சொல்வோம்? பிரேக் கட்டை. ரிம்மைப் பிடிக்கும் அந்த ரப்பர் துண்டில் மரம் துளிகூட இல்லை, ஆனாலும் கட்டைதான். ‘கட்டை தேஞ்சுபோச்சு, மாத்திக் குடுங்க’ என்று கேட்டு வாங்காத பையன் எங்கள் தலைமுறையில் இல்லை. இன்னும் பின்னால் போனால் தேர் இருக்கிறது. தேரைத் திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் சக்கரத்தில் கொடுப்பது முட்டுக்கட்டை. திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பிறகும் முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு வேலை போய்விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போடுவதற்கு முன் நானும் பின்சக்கரத்துக்கு ஒரு தென்னங்கட்டையைத்தான் அண்டை கொடுத்தேன். ஆக, சக்கரத்தை நிறுத்துகிற பொருளுக்குக் கட்டை என்று பேர் சொல்வது நமக்குப் பழக்கமானதுதான்.

இனி சொல்லின் முன்பகுதியான ‘தேய்’. வண்டி இரண்டு மாதமாகவே கீச்சிட்டது. நான்தான் தூசி என்று விட்டுவிட்டேன். வால்பாறைக்கு லோடு ஏற்றிப்போய் வெறும் வண்டியாக இறங்கும்போது, 40 கொண்டை ஊசி வளைவிலும் அந்தக் கீச்சு கூடவே வந்தது. கழற்றிப் பார்த்தால், இடது சக்கரத்தின் வெளிப் பேடு பாதிதான் தேய்ந்திருந்தது. உள் பேட்டில் கலவையே இல்லை. தகடு டிஸ்க்கில் கோடு கிழிக்க ஆரம்பித்திருந்தது. மெக்கானிக்குக் கூப்பிட்டேன். “அது ஸ்லைடு பின்னு ஜாம் ஆயிருக்குங்க. எமரி போட்டுத் தேய்ச்சு, சிலிக்கான் கிரீஸ் வெச்சு மாட்டுங்க. இல்லீனா புதுசும் இப்படித்தான் தேயும்” என்றார். பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் பக்கவாட்டில் நகர்வது அந்தப் பின்னின்மேல்தான்.

ஒரே பேச்சில் தேய் இரண்டு விதமாக வந்ததைக் கவனியுங்கள். பின்னை நாம் தேய்க்கிறோம், பேடு தானாகத் தேய்கிறது. பேடு செய்கிற வேலையும் இந்த இரண்டும்தான்: டிஸ்க்கைத் தேய்க்கிறது, தானும் தேய்கிறது. டிஸ்க்கைக் காப்பாற்றத் தான் தேய்ந்துபோவதற்கென்றே செய்த பொருள் அது. தேய்கட்டை என்று வினைத்தொகையாக வைத்தால் மூன்று காலமும் உள்ளே அடங்கிவிடுகிறது. என் கையில் இருந்த பழையது தேய்ந்த கட்டை, வலது சக்கரத்தில் இருந்தது தேய்கிற கட்டை, டப்பாவில் இருந்த புதியது தேயும் கட்டை. இலக்கண வகுப்பில் ஊறுகாய்க்குப் பிறகு சொல்ல ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

> மொழிபெயர்த்தாலும் நிலைக்கிறதே. ‘கொண்டை ஊசி வளைவு’ நிலைக்கவில்லையா?

நிலைத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொண்டை ஊசி எல்லார் வீட்டிலும் இருந்தது. வளைவைப் பார்த்தவுடன் ஊசி நினைவுக்கு வரும். பேட்டைப் பார்த்தால் திண்டு நினைவுக்கு வருமா?

பிரேக் என்பதை என்ன செய்வது என்றும் ஒருவர் கேட்டிருந்தார். என்னைக் கேட்டால் அப்படியே விடலாம். தடை என்றால் மின்தடை, தடை உத்தரவு என்று எங்கெங்கோ போகிறது. சாலையில் இருக்கும் வேகத்தடை மட்டும் நன்றாக ஊன்றிவிட்டது. பேச்சில் பிரேக் கட்டை, எழுத்தில் தேய்கட்டை. இரண்டும் சேர்ந்தே வாழட்டும்.

மற்றவை சுருக்கமாக. கேலிப்பருக்கு ‘இடுக்கி’ வேண்டாம், பட்டறையில் கேட்டால் குறடுதான் கையில் வரும். ‘கவ்வி’ சரி. அதைக் கழற்றியதும் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும் என்பதையும், அதற்குள் பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் திரவ மட்டம் ஏறும் என்பதையும் விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள். எனக்கு வழிந்து பக்கத்துப் பெயின்ட் போய்விட்டது.

தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிச் சத்தம் போடுவதற்கென்று சில பேடுகளில் ஒரு சின்னத் தகடு இருக்குமே, அதற்கு ‘தேய்வுணர்த்தி’ என்று வந்திருக்கிறது. நல்ல சொல்தான். ஆனால் ‘கீச்சுத்தகடு’ என்றால் காதிலேயே விழுகிறது.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு (ஆங்கிலத்தில் ப்ளீடிங்) ‘இரத்தக் கசிவு முறை’ என்று பட்டியலில் பார்த்தேன். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். பட்டறையில் ‘ஏர் எடுக்கிறது’ என்பார்கள். காற்றெடுத்தல், முடிந்தது.

ஒன்றில் மட்டும் பட்டறைச் சொல்லை ஏற்காதீர்கள். பிரேக் ஆயில் என்கிறார்கள், ஆனால் டாட் 3, டாட் 4 என்ற தரங்களில் வருவதெல்லாம் எண்ணெய் அல்ல, கிளைக்கால் வகைத் திரவம். பட்டியலில் ‘தடுப்பு எண்ணெய்’ என்று போட்டு, அதைப் படித்த யாராவது எஞ்சின் ஆயிலை ஊற்றினால், உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பி பிரேக்கே போய்விடும். ‘பிரேக் திரவம்’ என்றே இருக்கட்டும்.

சென்னை பாடி, அம்பத்தூர்ப் பக்கம் 1960களிலிருந்தே பிரேக்கும் லைனிங்கும் செய்கிறார்கள். அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் குழுவில் இருந்தால், உள்ளே தொழிலாளர்கள் இதற்கெல்லாம் என்ன பேர் சொன்னார்கள் என்று எழுதுங்கள். நம் கற்பனையைவிட அது உதவும்.

பின்சக்கரம் டிரம் வகை. அதில் பேடுக்குப் பதிலாக டிரம்மின் உட்புறத்தை அழுத்துவது ஷூ. பட்டியலில் ‘தடுப்புக் காலணி’ என்று இருக்கிறது. பிறை மாதிரி வளைந்திருப்பதால் ‘வளைகட்டை’ என்று மனதில் ஓடுகிறது, ஆனால் டிரம்மை இன்னும் கழற்றவில்லை. அடுத்த ஞாயிறு கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.